பழைய பிளேடு செட் வாங்கலாமா? எந்த அயர்ன் நமக்குச் சரி?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 52 வயது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கோல்ஃப். ஸ்கோர் 100-க்குக் கீழே வருவதே இல்லை. நண்பர் ஒருவர் தன் பழைய பிளேடு அயர்ன் செட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். பிளேடில் பழகினால்தான் ஸ்விங் திருந்துமாம். வாங்கலாமா சார்?"

வேண்டாம். நண்பர் நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் பிளேடு, அதாவது பின்பக்கம் குடையாத மெல்லிய ஹெட் உள்ள அயர்ன் கிளப், தவறைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். திருத்த வேண்டுமானால் வாரத்தில் பல நாள் பயிற்சி ரேஞ்சில் நிற்க வேண்டும், கூடவே ஒரு கோச் வேண்டும். ஞாயிறு மட்டும் ஆடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

பந்து கிளப் முகத்தின் நடுவில் படாமல் டோ (முனை) பக்கமோ ஹீல் (தண்டு சேரும்) பக்கமோ பட்டால், அடிக்கும் கணத்தில் கிளப்பின் ஹெட் திரும்பிவிடும். வேகமும் போகும், திசையும் போகும். கழைக்கூத்தாடி நீளமான கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கயிற்றில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை இரு ஓரங்களுக்கும் போய்விட்டால் சட்டென்று சாயாது. கேவிட்டி பேக் அயர்ன் செய்வதும் அதேதான். பின்பக்கம் நடுவில் இருந்த இரும்பைக் குடைந்து எடுத்து ஓரங்களில் வைத்திருப்பார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்றில் இந்த வேலையைத் தொடங்கினார். பிறகு அவருடைய பிங் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ஐ 2 அயர்ன்களை இன்றும் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் கேவிட்டி பேக் வாங்குங்கள். சோல் (ஹெட்டின் அடிப்பாகம்) அகலமாக இருக்கட்டும். பந்தைத் தொடும் முன்பே கிளப் தரையில் பட்டாலும் மண்ணுக்குள் புதையாமல் ஓரளவு வழுக்கிக்கொண்டு போகும். ஆஃப்செட் (தண்டுக்குச் சற்றுப் பின்னால் முகம் அமைந்திருப்பது) கொஞ்சம் இருந்தால் ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கு, அதாவது பந்து வலது பக்கம் வளைந்து போகிறவர்களுக்கு, உதவும். உங்கள் பந்து ஏற்கெனவே இடது பக்கம் வளைகிறது என்றால் ஆஃப்செட் குறைந்ததாகப் பாருங்கள்.

இனி, கடையில் நிறையப் பேர் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். இந்த 7 அயர்ன் உங்கள் பழையதைவிட 15 கஜம் அதிகம் போகிறது என்று திரையில் காட்டுவார்கள். போகத்தான் செய்யும். முன்பெல்லாம் 7 அயர்னின் லாஃப்ட் (முகம் சாய்ந்திருக்கும் கோணம்; அது குறைந்தால் பந்து தாழ்வாக, அதிக தூரம் போகும்) 34, 35 டிகிரி. இப்போது இந்த வகையில் 28, 29 டிகிரிதான் வருகிறது. அதாவது பழைய 5 அயர்னுக்கும் 6 அயர்னுக்கும் நடுவில் உள்ள ஒன்றின் மேல் 7 என்று பொறித்திருக்கிறார்கள். எடை கீழே இருப்பதால் பந்து எழும்பும் என்பது உண்மை. ஆனால் ஸ்விங் வேகம் குறைந்தவர்களுக்கு அந்த அளவு எழும்புவதில்லை. தாழ்வாக வந்து விழுந்து, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனைத் தாண்டி உருண்டு போய்விடும். கேரி (பந்து தரையில் விழும் வரை போகும் தூரம்) எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், பந்து இறங்கும் கோணத்தையும் கேளுங்கள். 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் கிரீனில் நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த செட்டில் கிட்டத்து அடிகளுக்கான பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, உங்களிடம் உள்ள சாண்ட் வெட்ஜ் 56 என்று வையுங்கள். நடுவில் 13 டிகிரி காலி. 90 கஜத்தில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்றே தெரியாது. 49, 50 டிகிரியில் ஒரு கேப் வெட்ஜ் சேர்த்தே வாங்குங்கள். அதற்கான பணத்தை 4 அயர்னை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கலாம். அந்த இடத்துக்கு, அயர்னைவிடப் பருத்த ஹெட் கொண்ட ஹைப்ரிட் கிளப் ஒன்று போதும்.

ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) என்றால், தோள், முழங்கை வலி இருந்தால் கிராஃபைட். இல்லையென்றால் எடை குறைந்த ஸ்டீலும் சரிதான், விலையும் குறையும். இரண்டு தலைமுறை பழைய மாடலைத் தாராளமாக வாங்கலாம், மிஸ் ஹிட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நம்பகமான கடையில் வாங்குங்கள், போலி நிறைய நடமாடுகிறது.

வாங்கும் முன் கிளப்பின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி பத்துப் பந்து அடியுங்கள். எங்கே படுகிறது என்று அடையாளம் விழும். அதில் நன்றாகப் போன இரண்டை ஒதுக்கிவிட்டு, மோசமாகப் பட்ட மூன்றைப் பாருங்கள். எந்த செட்டில் அந்த மூன்றும் குறைவாகத் தவறுகிறதோ, அதற்குப் பணம் கொடுங்கள்.