நாக்கு பொய் சொல்லவில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் கிரிஸ்ப்ஸை நினைத்து மனசு ஏங்குவது அன்றைய ருசியாலா, அன்றைய வயசாலா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் வயசு என்றார். பள்ளிக்கூடம் விட்ட பசியில் எதுவும் ருசிக்கும், அறுபதில் நாக்கு மழுங்கும், ஆகவே மாறியது நாம்தான் என்று முடித்தார். நான் ருசியின் பக்கம். கிழங்கு மாறியது, எண்ணெய் மாறியது, உப்பு சேரும் விதம் மாறியது. இத்தனை மாறியும் ருசி அப்படியே நிற்கிறது என்றால் நிரூபிக்க வேண்டியது எதிரணிதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் உருளைக்கிழங்கு சிப்ஸ் என்பதை பிரிட்டனில் கிரிஸ்ப்ஸ் என்பார்கள். அங்கே சிப்ஸ் என்றால் மீனோடு வரும் தடித்த வறுவல்.

உப்பிலிருந்து தொடங்குகிறேன். ஃபிராங்க் ஸ்மித் 1920ல் லண்டன் கிரிக்கிள்வுட்டில் ஸ்மித்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய கிரிஸ்ப்ஸ் உப்பில்லாமல்தான் பைக்குள் இருக்கும். உப்பு தனியே, சின்ன நீலத்தாளில் முறுக்கி, உள்ளே எங்கோ கிடக்கும். பையைப் பிரித்ததும் முதல் வேலை அந்த முறுக்கைத் துழாவி எடுப்பது. தாளைப் பிரித்து உப்பைத் தூவி, பையின் வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்க வேண்டும். பை நிறைய இருந்தால் குலுங்காது. நான்கைந்து தின்று இடம் பண்ணினால்தான் உப்பு அடிவரை இறங்கும். உப்பில் ஈரம் ஏறியிருந்தால் கட்டிபட்டு ஒரே துண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு துண்டு சப்பென்று இருக்கும், அடுத்தது கரிக்கும், அதற்கடுத்தது கச்சிதமாக விழும்.

இன்றைய ரெடி சால்டட் அப்படியல்ல. வறுத்த சூட்டோடு, மேலே எண்ணெய்ப் பசை காய்வதற்குள், சுழலும் உருளையில் உப்பைத் தூவிவிடுகிறார்கள். முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் அநேகமாக ஒரே உப்பு. ஒரே அளவில் வரும் உப்புக்கு நாக்கு சீக்கிரம் பழகி, பாதிப் பையிலேயே கரிப்பு தெரியாமல் போகும். கூடக்குறைய வந்தால் அப்படிப் பழகாது. இதற்கும் தின்பவரின் வயசுக்கும் சம்பந்தமில்லை. நீல உறை போட்ட சால்ட் அண்ட் ஷேக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அறுபது வயதுக்காரர் கையில் கொடுத்தாலும் இதே வித்தியாசத்தைச் சொல்வார்.

அடுத்து கிழங்கு. என் வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பையில் பழுப்பேறிய துண்டு ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். வறுபடும்போது இரண்டாக மடிந்துபோனது ஒன்று, ஓரத்தில் பச்சைக் கறை படிந்தது ஒன்று என்றும் கலந்து வரும். பழுப்பேறுவது ஏன்? கிழங்கைக் குளிரில் வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாகும். அந்தச் சர்க்கரை, வறுக்கும் சூட்டில் கிழங்கின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து சிவக்கும். இலேசான கசப்பும் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனையும் வரும். பழைய பையில் பலர் தேடித் தின்றது அந்தத் துண்டைத்தான்.

2002ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், மாவுப்பொருளை அதிகச் சூட்டில் வறுத்தால் புற்றுநோய் தரக்கூடும் என்று அஞ்சப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்று கண்டறிந்தார்கள். சிவப்பைக் கொடுக்கும் அதே வினைதான் அதையும் உண்டாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்பது கிரிஸ்ப்ஸுக்கு வழிகாட்டு அளவு. அதனால் சர்க்கரை குறைந்த ரகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சேமிப்பின் குளிரைக் கண்காணிக்கிறார்கள். கறுத்த துண்டைக் கேமரா கண்டுபிடித்துக் காற்றால் ஊதி வெளியே தள்ளுகிறது. உடம்புக்கு இது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர்களே, அந்தப் பழுப்புத் துண்டு பைக்குள்ளேயே வரவில்லை என்றால் அதை நாக்கு எப்படி உணரும்? வராத துண்டுக்கு நாக்கின் மேல் பழி போடுவது நியாயமா?

எண்ணெய்க்கு வருகிறேன். லெஸ்டர் நகரத்து இறைச்சிக் கடைக்காரர்களான வாக்கர்ஸ், போருக்குப் பிந்தைய பங்கீட்டில் கறி கிடைக்காமல் 1948ல் கிரிஸ்ப்ஸில் இறங்கியவர்கள். பின்னாளில் அவர்கள் பயன்படுத்திவந்த பாமாயிலை 2006ல் விட்டு ஒருவகைச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினார்கள். பூரிதக் கொழுப்பு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. கிரிஸ்ப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பதை மனதில் வையுங்கள். மார்கழிக் காலையில் பாமாயில் பாக்கெட் வெளுத்து உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனின் குளிரிலும் அது அப்படித்தான் இறுகும். இறுகிய கொழுப்பு வாய்ச் சூட்டில் மெல்ல உருகி நாக்கில் படியும், பொடியின் வாசனையையும் அதனோடு நிறுத்தி வைக்கும். சூரியகாந்தி எண்ணெய் அப்படித் தங்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதே 2006ல் பிரிட்டனின் உணவுத் தர முகமை உப்பைக் குறைக்கவும் இலக்கு வைத்தது. எண்ணெயும் உப்பும் ஒருசேர மாறினால் ருசி மாறாமல் எப்படி இருக்கும்?

எதிரணியின் பலமான வாதம் ஒன்றை நான் ஒளிக்கப்போவதில்லை. சீஸ் அண்ட் ஆனியன் பையை வாக்கர்ஸ் பச்சையிலிருந்து நீலமாக்கியது என்று ஆயிரக்கணக்கானோர் அடித்துச் சொல்கிறார்கள். நாங்கள் மாற்றவே இல்லை என்கிறது கம்பெனி. ஆக, ஞாபகம் பிசகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் பிசகியது? சீஸ் அண்ட் ஆனியன் ருசி 1954ல் டப்ளினில் டேட்டோ கண்டது. 1962ல் பிரிட்டனில் பரப்பியது, எடின்பரோவில் பிறந்த கோல்டன் வொண்டர். மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் சீஸுக்குப் பச்சை, சால்ட் அண்ட் வினிகருக்கு நீலம். வாக்கர்ஸ் மட்டும் தலைகீழ். பல கம்பெனிப் பைகளைப் பார்த்த கண் ஒன்றை மற்றதன் மேல் ஏற்றிக்கொண்டது. பிசகு கண்ணில் நடந்தது, நாக்கில் அல்ல.

காலிப் பையை அடுப்பில் வைத்துச் சுருக்கிச் சட்டையில் குத்திக்கொண்ட விளையாட்டை எதிரணித் தோழி சொன்னார். பை இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலம், சூடு பட்டால் சுருங்கும். விளையாட்டுக்கும் அந்தப் பொருளே காரணம். மான்ஸ்டர் மஞ்ச் என்ற மக்காச்சோள நொறுக்குத்தீனி சிறுத்துப்போனதாகப் பலர் குறைப்பட்டார்களே, 2008ல் பெரிய வடிவத்தை வாக்கர்ஸ் திரும்பக் கொண்டுவந்தது. வயசுதான் காரணம் என்றால் கம்பெனி எதைத் திருத்தியது?

கடைசியாக, சமையலறையில் செய்யக்கூடிய ஒரு சோதனை. மாவுப்பற்றுள்ள மாரிஸ் பைப்பர் ரகம் அரைக் கிலோ. குளிர்பெட்டியில் இருந்ததை எடுக்காதீர்கள், சர்க்கரை ஏறிக் கருகும். சிப்ஸ் கட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் பொங்கும், சூடு இறங்கும், துண்டு எண்ணெயைக் குடித்துத் தொய்ந்துவிடும். பாதியைப் பாமாயிலிலும் மீதியைச் சூரியகாந்தி எண்ணெயிலும், இரண்டையும் 175 டிகிரியில் வறுங்கள். கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட வேண்டும். சுமார் மூன்று நிமிடத்தில் குமிழி அடங்கும், அதுதான் பதம். எடுத்த சூட்டோடு உப்பு, இரண்டுக்கும் சம எடை. முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள், சூட்டில் தின்றால் எண்ணெயின் வித்தியாசம் தெரியாது.

நடுவர் அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டிலும் மூன்று துண்டு எடுத்துக்கொள்ளட்டும். நடுவில் ஒரு மிடறு தண்ணீர். இரண்டு தட்டுக்கும் அதே நாக்கு, அதே வயசு. இரண்டும் ஒன்றுபோல ருசித்தால் தீர்ப்பை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.