பிள்ளை சொல்லும் ‘அஞ்சு நிமிஷம்’ ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது?

பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த மாணவர்களிடம், “ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?” என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. “சரி, எல்லாமே சொதப்பினால்?” 49 நாள். கடைசியில் எத்தனை நாள் ஆனது தெரியுமா?

[திரையில்: 55 நாளுக்கும் மேல்]

சொதப்பல் கணக்கையே தாண்டிவிட்டார்கள்! 1994இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், “அஞ்சு நிமிஷம்மா, முடிச்சிடுவேன்” என்கிற உங்கள் வீட்டு இடைநிலைப்பள்ளிப் படிவம் 1 பிள்ளையை என்ன சொல்ல?

வணக்கம் மக்களே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேசுகிறேன், மோனோரயில் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். இன்றைய விஷயம் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன், அதாவது மூளை தன்னைத்தானே நிர்வகிக்கும் திறன். ஒன்றை மனசில் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்வது, கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொள்வது, நிலைமை மாறினால் யோசனையையும் மாற்றிக்கொள்வது. இந்த மூன்றின் மேல்தான் திட்டமிடுவதெல்லாம் எழுகிறது. இதில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதிக்கு. அது முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அவ்வளவுதான் அறிவியல், தூங்காதீர்கள்.

நம் ஊரில் சிக்கல் எங்கே வெடிக்கிறது? தமிழ்ப்பள்ளியில் வகுப்பாசிரியர் பிள்ளையின் ஜாதகத்தையே கையில் வைத்திருப்பார். படிவம் 1 போனதும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில், பள்ளி முடிந்தும் புறப்பாட நடவடிக்கை, அப்புறம் டியூஷன். யாரும் சொல்லித்தராத ஒரு நிர்வாக வேலையைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு, “பொறுப்பே இல்லை” என்று திட்டுகிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மூளைப் பயிற்சி என்று விற்கும் கேம் ஆப்களில் காசைப் போடாதீர்கள். அந்த கேமில் பிள்ளை கெட்டிக்காரனாவான். ஹோம்வொர்க்குக்கு அது பெரிதாக வந்து சேருவதில்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடம், நேரக் கணிப்பு. நம்மவர்களுக்கு இது புதுசா என்ன? மாமாக் கடையில் நண்பர் காத்திருப்பார். “ஆன் தி வே மச்சான்” என்று போனில் சொல்கிறவர், தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நிற்பார். அது பச்சைப் பொய். ஆனால் பிள்ளை சொல்லும் அஞ்சு நிமிஷம் பொய் இல்லை, மனசார நம்பித்தான் சொல்கிறது. கணிக்கும்போது நாம் மனசுக்குள் ஒரு படம் ஓட்டுகிறோம். அதில் பேனா தொலையாது, வைஃபை போகாது. போன தடவை எவ்வளவு நேரம் ஆனது என்பது நினைவுக்கே வராது. அதே ஆய்வாளர்கள், பழைய அனுபவத்தை எடுத்துக் கையில் இருக்கும் வேலையோடு பொருத்திப் பார்க்கச் சொன்னபோது கணிப்பு நிஜத்தை நெருங்கியது.

இன்னொரு கூத்து இருக்கிறது. அடுத்தவர் வேலையைக் கணிக்கச் சொன்னால் ஆட்கள் அப்படியே தலைகீழ். ஆகும் நேரத்தைவிடக் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஆக, “நீ ராத்திரி பத்து மணிக்கும் முடிக்கமாட்டே” என்கிற அம்மாவும் கொஞ்சம் ஓவர்தான்!

[திரையில்: ஊகம் | நிஜம்]

பழைய நோட்டு ஒன்றில் இப்படி இரண்டு கட்டம் போடுங்கள். செஜாரா (வரலாறு) குறிப்பு எழுத உட்காரும் முன் பிள்ளையே ஊகத்தை எழுதட்டும், முடித்ததும் ஆன நேரத்தை எழுதட்டும். 20 என்று எழுதி 45 ஆனால் சேர்ந்து சிரியுங்கள். திட்டினீர்களோ, நாளையிலிருந்து கள்ளக் கணக்குதான் வரும். அடுத்த முறை ஊகிக்கும் முன் பழைய வரியைத் திரும்பப் பார்க்க வேண்டும். வித்தையே அதில்தான்.

தொடங்கவே இழுக்கும் பிள்ளையா? “ஆறு மணிக்கு” என்பதை விட்டு, “குளித்து முடித்ததும் நோட்டைத் திறப்பேன்” என்று ஒரு செயலோடு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். மணி பார்க்க மறந்தாலும் குளிக்க மறக்காது. சரி, சில பிள்ளைகள் அதையும் மறக்கும்.

இன்றைக்கே ஒரு பாடத்துக்குச் செய்து பார்த்து, ஊகம் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று கமென்டில் போடுங்கள். அப்பாமார்களும் வரலாம்: கார் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் எழுதிவிட்டு வாளியைத் தூக்குங்கள். இருப்பதிலேயே மோசமான கணக்கை நானே பின் பண்ணுகிறேன்.