ராத்திரி முழிப்பு வந்தா பழி ஏன் மூத்திரப் பை மேலயே போகுது?

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி மைக் கேக்குதுங்களா? சரி. ராத்திரி நடுவுல எழுந்திரிக்காதவங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க... ஒரு கை கூட காணோம். பயப்படாதீங்க, தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு போகுது, ஒவ்வொரு சுத்து முடியறப்பவும் லேசா முழிச்சு புரண்டு படுக்கறது எல்லாருக்கும் உண்டு, சின்ன வயசுல அது ஞாபகத்துலயே நிக்காது, வயசாக ஆக ஆழ்ந்த தூக்கம் கொறையறதால அதே முழிப்பு நல்லா தெரிய ஆரம்பிக்குது, அவ்ளோதான்.

ஏன் எழுந்திரிக்கறீங்கன்னு கேட்டா பாதிப்பேர் "யூரின் வருது டாக்டர்"ம்பாங்க. பல பேருக்கு அது தலைகீழ்ங்க. கொறட்டை விடறவங்கள்ல சில பேருக்கு தூக்கத்துல தொண்டை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைச்சிக்கும், 10 செகண்ட், சில சமயம் அதுக்கு மேலயும் மூச்சு நின்னு போகும், ஆக்சிஜன் எறங்கினதும் மூளை பதறி எழுப்பி விட்டுரும். அடைச்ச மூச்ச இழுக்கறப்ப நெஞ்சுக்குள்ள இழுவிசை ஏறி இதயத்தோட மேலறை விரியும், இதயமோ ஒடம்புல தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சு ஒரு ஹார்மோன அனுப்பும், கிட்னியும் மூத்திரத்த கூட்டிரும். முழிச்சதுக்கப்புறம்தான் மூத்திரம் முட்டுறது தெரியும், பழி மட்டும் மூத்திரப் பை மேல! வீட்டுக்காரம்மா "நடுவுல மூச்சே நின்னு போகுதுங்க"ன்னு சொன்னா சிரிச்சுட்டு விட்றாதீங்க, ஸ்லீப் டெஸ்ட் எடுங்க.

கால் வீக்கம் இருக்கறவங்களுக்கு வேற கதை. பகல் பூரா கால்ல தேங்கின தண்ணி படுத்ததும் ரத்தத்துக்கு திரும்பி வருது, அது வெளிய போகணும்ல? சாயந்தரம் கொஞ்ச நேரம் காலத் தூக்கி வெச்சு உக்காருங்க. பிரஷருக்கு குடுக்கற நீர் மாத்திரைய ராத்திரி போடறவங்க, நேரத்த மாத்தலாமான்னு உங்க டாக்டர கேளுங்க, நீங்களா நிறுத்திறாதீங்க. சுகர் 180க்கு மேல போனா சர்க்கரை மூத்திரத்துல எறங்கும், கூடவே தண்ணியயும் இழுத்துட்டுப் போகும்.

சரக்கு போட்டா தூக்கம் வரும்பாங்க. வரும், போதை எறங்கறப்ப பின்ராத்திரி முழுக்க துண்டு துண்டா ஒடையும். சாயந்தரக் காபி பாதி கரையவே அஞ்சு மணி நேரம் ஆகும், (இத சொன்னா எங்க வீட்லயே சண்டை).

சரி, அந்த ஐயா ரொம்ப நேரமா கை தூக்கிட்டே இருக்காரு, மைக்க அங்க குடுங்க.