விண்டோஸ் மாத்தினதும் டிஸ்க் காணோமா? ஃபார்மேட் பண்ணாதீங்க

[திரை: எம்.சி. ரோடு ஜவுளிக்கடை. பில்லிங் கம்ப்யூட்டர்ல நீலத்திரை]

வணக்கம், தண்டையார்பேட்டையில இருந்து பேசறேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுது. நம்ம வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் கடைக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒவ்வொண்ணா 11-க்கு மாறிட்டு இருக்கு. மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினா சிலதுல இந்த நீலத்திரை: "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்". உடனே பக்கத்துல ஒருத்தர், "ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மேட் அடிச்சிடலாம்"பாரு. தயவுசெஞ்சு விடாதீங்க. டேலி கணக்கு, பாக்கி லிஸ்ட் எல்லாம் அந்த டிஸ்க்லதான் இருக்கு. பெரும்பாலும் பத்திரமாவே இருக்கு.

[திரை: மதர்போர்டு, சாட்டா போர்ட்]

டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவுல கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கு, டேட்டா அது வழியாத்தான் போகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தா அந்தப் பக்கம் தெருவே இல்லன்னு சொல்லுவோமா? அதே மாதிரிதான் இதுவும்: கன்ட்ரோலர்தான் கேட், அது மூடினா டிஸ்க் இருந்தும் விண்டோஸுக்குத் தெரியாது.

கேட் ஏன் மூடுது? 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதி வேணும்னு பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடற மதர்போர்டு செட்டிங்குக்குள்ள போறோம், இல்லன்னா பயாஸையே அப்டேட் பண்றோம். அதுல பல போர்டுல செட்டிங் எல்லாம் கம்பெனி வெச்சபடி திரும்பிடும். சாட்டா மோட்னா கன்ட்ரோலர் டிஸ்க்கோட பேசற முறை. ஏஹெச்சிஐ-ங்கற முறையில இருந்தது, ரெய்டுங்கற முறைக்குப் போயிருக்கும். விண்டோஸ் ஆரம்பிக்கறப்ப ஏற்கெனவே குறிச்சு வெச்ச டிரைவரை, அதாவது கன்ட்ரோலரை இயக்கற சாஃப்ட்வேரைத்தான் எழுப்பும். மோட் மாறினா அந்த டிரைவர் பொருந்தாது, டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. போர்டுல இருக்கற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தாலும் செட்டிங் அழிஞ்சு இப்படி நடக்கும்.

[திரை: பயாஸ், சாட்டா மோட்]

பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி, ஓடற மெஷின்னா 48 இலக்க ரெக்கவரி கீ கையில இருக்கணும். மைக்ரோசாஃப்ட் கணக்குல பாருங்க. அது இல்லாம மாத்தினா, கீ கேட்டு நிக்கும்போது உள்ளே போக வழி இருக்காது.

இப்ப பயாஸ்ல டிஸ்க் பேர் தெரியுதா? தெரிஞ்சா மோட் பழசுக்கே மாத்தி சேவ் பண்ணுங்க. நிறைய மெஷின் அதோட எழுந்துடும். மோட் மாத்தியே ஆகணும்னா, விண்டோஸ் ஓடறப்பவே எம்எஸ்கான்ஃபிக்ங்கற விண்டோஸ் செட்டிங் கருவியைத் திறந்து பூட் பக்கத்துல சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட்ல பயாஸ்ல மோட் மாத்துங்க. சேஃப் மோட்ல, அதாவது அடிப்படை டிரைவரோட மட்டும் விண்டோஸ் ஓடற நிலையில, புது கன்ட்ரோலர் டிரைவர் ஏறிக்கும். அப்புறம் டிக்கை எடுத்துடுங்க.

புதுசா இன்ஸ்டால் பண்றப்ப டிஸ்க்கே காட்டலையா? இன்டெல் 11-வது தலைமுறையில இருந்து வர்ற மெஷின்கள்ல விஎம்டிங்கற இன்டெல் டிஸ்க் கன்ட்ரோலர் வசதி ஆன்ல இருந்தா அப்படி ஆகும். அதுக்கான டிரைவரை பென் டிரைவ்ல போட்டு "லோட் டிரைவர்" கொடுங்க.

[திரை: ஈவென்ட் வியூவர்]

பூட் ஆகுது, ஆனா பில் போடறப்ப பாதியில உறையுதுன்னா ஈவென்ட் வியூவர்ல, அதாவது நடந்ததை விண்டோஸ் குறிச்சு வெக்கற பதிவுல, 129-ங்கற எண்ணைத் தேடுங்க. கேட்டதுக்கு டிஸ்க் நேரத்துக்குப் பதில் தரல, டிரைவர் ரீசெட் அடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்கிரேட் போட்ட புது டிரைவர் காரணமா இருக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் கொடுத்து பழைய டிரைவருக்குத் திரும்பிப் பாருங்க. சரியாகலன்னா, அப்கிரேட் பண்ணி 10 நாளுக்குள்ள செட்டிங்ஸ்ல "கோ பேக்" போய் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

காசிமேடு பக்கம் கடை வெச்சிருக்கறவங்க கேபிளையும் பாருங்க, உப்புக் காத்துக்கு கனெக்டர் பூத்துடும். ஸ்மார்ட் ரிப்போர்ட்ல, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறிக்கற பட்டியல்ல, 199-னு எண் போட்ட வரியைப் பாருங்க. அது சிஆர்சி எரர்: கேபிள் வழியா போறப்ப டேட்டா கெட்ட எண்ணிக்கை. ஏறின எண் இறங்காது, அதனால இன்னிக்குக் குறிச்சு வெச்சு நாளைக்குப் பாருங்க. ஏறுதுன்னா சாட்டா கேபிள் மாத்துங்க. மாத்தியும் ஏறினா, டிஸ்க் பிழை பார்க்கற செக்டிஸ்க் ஓட்டறதுக்கு முன்னாடி டேட்டாவை வேற டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க.