தலை ஆடும்போது கண் எப்படி நிலைக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். ஆளுக்கொரு விரலை முகத்துக்கு நேரே கை நீளத்தில் பிடியுங்கள். தலையை ஆட்டாமல் விரலை மட்டும் நொடிக்கு இரண்டு மூன்று முறை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ரேகை மங்கிவிடும். இப்போது விரலை நிறுத்திவிட்டுத் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். கழுத்து வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ரேகை தெளிவாகவே தெரிகிறது, இல்லையா?

முதல் சோதனையில் கண் விரலைத் துரத்தியது. விழித்திரையில் விழுந்த காட்சி பெருமூளைக்குப் போய், அங்கிருந்து கண் தசைக்கு ஆணை வர ஏறத்தாழ 100 மில்லிநொடி ஆகும். அதற்குள் விரல் திசை மாறிவிடுகிறது. இரண்டாவதில் வேலை செய்தது காது. தலை வலப்புறம் திரும்பினால், உட்செவியின் அரைவட்டக் குழலில் உள்ள திரவம் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குச் சென்று இரு கண்களையும் இடப்புறம் இழுக்கிறது. இந்தப் பாதையின் மையத்தில் இருப்பவை மூன்றே நரம்புச் செல்கள். 10 மில்லிநொடிக்குள் கண் அசையத் தொடங்கிவிடும்.

இவ்வளவு வேகத்துக்கு ஒரு விலை உண்டு. செய்தது சரியா என்று பார்த்துத் திருத்த நேரமில்லை. ஆகவே அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்: தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கையில் தலை 10 டிகிரி வலப்புறம் திரும்பினால், கண் 10 டிகிரி இடப்புறம் திரும்ப வேண்டும். மைனஸ் 5 பவர் கண்ணாடி போட்டால் காட்சி சுருங்குவதால், கண் சுமார் 10 சதவீதம் குறைவாகத் திரும்பினால் போதும். புதுக் கண்ணாடியோடு நடக்கும்போது தரை மிதப்பது போலிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சில நாளில் அது சரியாகிவிடும். சரிசெய்வது சிறுமூளையின் ஃப்ளாக்குலஸ் என்ற சிறு மடல். தலை ஆடுகையில் விழித்திரையில் காட்சி வழுக்கினால், அந்த வழுக்கலே பிழைச் செய்தியாக அங்கே போகிறது. 1976-இல் ஆய்வாளர்கள் கான்ஷரும் மெல்வில் ஜோன்ஸும் இடம் வலத்தை மாற்றிக்காட்டும் முப்பட்டகக் கண்ணாடியைச் சிலருக்கு வாரக்கணக்கில் அணிவித்தார்கள். இந்த எதிர்வினை முதலில் தளர்ந்தது, பிறகு திசையே புரளத் தொடங்கியது. பிறவியிலேயே அமைந்த ஒரு அனிச்சைச் செயல் இவ்வளவு தூரம் கற்றுக்கொள்கிறது!

இரு காதிலும் இந்த உறுப்பு கெட்டால் உட்கார்ந்திருக்கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நடந்தால் பெயர்ப்பலகை குதிக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இதை இழந்த மருத்துவர் ஒருவர் 1952-இல் தன் நிலையை எழுதினார்: படுக்கையில் புத்தகம் படிக்கக்கூடத் தலையைக் கட்டில் கம்பிகளுக்கிடையே முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நாடித்துடிப்பின் அசைவே எழுத்தைக் கலைக்கப் போதுமானதாக இருந்தது. அதே வகை மருந்தான ஜென்டாமைசினும் இதே பாதிப்பைத் தரலாம், காது கேட்பது நன்றாக இருக்கும்போதே. இந்த ஊசி போட்டுக்கொள்பவரிடம் "நடக்கும்போது எழுத்து ஆடுகிறதா?" என்று கேட்டே ஆக வேண்டும். பார்வைப் பலகையை முதலில் தலை அசையாமலும், பிறகு நொடிக்கு இரண்டு முறை தலையை ஆட்டிக்கொண்டும் படிக்கச் சொல்லலாம். ஒரு வரி குறைவது இயல்பு. மூன்று வரி குறைந்தால் நிபுணரிடம் அனுப்புங்கள்.

ஒரு பக்க உட்செவியின் சமநிலை நரம்பில் ஏற்படும் அழற்சியால் தலைசுற்றல் வந்தவர்கள் செய்யும் தவறு, தலையை அசைக்காமல் வாரக்கணக்கில் படுத்திருப்பது. காட்சி வழுக்காவிட்டால் சிறுமூளைக்குப் பாடமே கிடைக்காது. தலைசுற்றல் மாத்திரையை முதல் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீட்டினாலும் மீட்சி தாமதமாகும். கடும் சுற்றல் தணிந்ததும், மருத்துவர் சம்மதித்தால், கண் மட்டத்தில் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடம் வலமாக ஒரு நிமிடம் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாக. நாளில் மூன்று நான்கு முறை செய்யலாம். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே இருங்கள். அது எளிதானபின் வேகத்தைக் கூட்டுங்கள். லேசான சுற்றல் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்க முடியாத தள்ளாட்டம் வந்தால் மட்டும் பயிற்சியைத் தொடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.