நின்று படிக்க ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஐயா அவர்களே, மாலையிலிருந்து நமக்காகச் சமையற்கட்டிலேயே நிற்கும் தன்னார்வலர்களே, பிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

உறுப்பினர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. நம் செயலாளர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்துச் சொல்கிறார். அதனால் நிறுத்தி நிறுத்தியே பேசப்போகிறேன். பதறாத காரியம் சிதறாது என்று என் பாட்டி சொல்வாள். இன்றைய பேச்சுக்கு அந்த ஒரு வரியே போதும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் பழைய பயிற்சி இடமான லீஜியன்வில் முகாம் ஏன் அமைந்தது, அங்கே என்ன நடந்தது, படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும் எப்படி வாழ்ந்தார்கள்.

ஆம்பிரிட்ஜுக்கும் பேடனுக்கும் நடுவே, ஒஹாயோ ஆற்றங்கரைப் பக்கம், நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தாக அந்தப் பெயர் நிற்கிறது. பென்சில்வேனியா முழுவதும் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட வரலாற்றுப் பலகைகள் உண்டு. நான் அந்தச் சாலையில் பதினொரு ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்தேன். பலகையைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

1791 நவம்பர் 4, விடியற்காலை. பூர்வகுடி மக்களோடு போரிடப் போன அமெரிக்கத் தளபதி ஆர்தர் செயின்ட் கிளேர், வாபாஷ் ஆற்றங்கரையில் படையோடு முகாமிட்டிருந்தார். சரியாகப் பயிற்சி பெறாத ஆட்கள், பற்றாத உணவு, வாதநோயால் தானாகக் குதிரை ஏற முடியாத தளபதி. பூர்வகுடிகளான மியாமி மக்களின் தலைவர் லிட்டில் டர்ட்டில், ஷானி மக்களின் தலைவர் ப்ளூ ஜாக்கெட் ஆகியோரின் வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சில மணி நேரத்தில் 600-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டார்கள். பூர்வகுடி மக்களிடம் அமெரிக்க ராணுவம் கண்ட தோல்விகளில் இதைவிடப் பெரியது இல்லை. குளிர்காலம் முற்றுமுன் முடித்துவிட வேண்டும் என்று மேலிடம் அவசரப்படுத்திய படையெடுப்பு அது.

அதற்குப் பிறகு அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் படைக்குத் தலைமை தாங்க அழைத்தது ஆந்தனி வேய்னை. 'பைத்தியக்கார ஆந்தனி' என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த மனிதர்தான் யாரும் எதிர்பாராத பொறுமையைக் காட்டினார். பிட்ஸ்பர்கின் சாராயக் கடைகள் வீரர்களைக் கெடுப்பதைக் கண்டு, 1792 நவம்பரில் ஆற்றின் போக்கில் சுமார் இருபது மைல் தள்ளிக் கொண்டுபோய் முகாம் போட்டார். அதுதான் லீஜியன்வில். காட்டை வெட்டிக் குடிசைகள் கட்டினார்கள். குளிர்காலம் முழுவதும் குறி பார்த்துச் சுடுவது, நடந்துகொண்டே துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது, துப்பாக்கிக் கத்தியால் பாய்வது, இரு அணியாகப் பிரிந்து போலிப் போர் செய்வது. அமெரிக்க ராணுவத்தின் முதல் பயிற்சி முகாம் என்று அந்த இடத்தைச் சொல்கிறார்கள். 1793 ஏப்ரல் முடிவில்தான் படகேறினார்கள். அவர்கள் போரில் வென்ற ஃபாலன் டிம்பர்ஸ் களத்துக்கு வந்தது 1794 ஆகஸ்ட் 20. நடுவில் எத்தனை மாதம், எண்ணிப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.

அந்த வேய்னின் முடிவைக் கேளுங்கள். 1796 டிசம்பரில் ஈரி நகரத்துக் கோட்டையில் நோயில் இறந்தார். அங்கேயே கொடிமரத்தடியில் புதைத்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, நோயுற்றிருந்த மகள் மார்கரெட்டா, அப்பா நம் குடும்ப மண்ணில் உறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தம்பி ஐசக் ஒரு சிறிய இரட்டைச் சக்கர வண்டியில் மாநிலத்தைக் குறுக்கே கடந்து ஈரிக்கு வந்தார். எலும்புதானே இருக்கும், பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்தவர். குழியைத் தோண்டினால், உடல் பெரும்பாலும் கெடாமல் கிடக்கிறது! வண்டியோ சிறியது. என்ன செய்வது? டாக்டர் வாலஸ் என்பவர் பெரிய கொப்பரையில் நீர் கொதிக்கவைத்து, உடலை வேகவைத்து, சதையை எலும்பிலிருந்து பிரித்தார். (பின்வரிசைப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.) சதையும் அறுத்த கத்திகளும் மறுபடி அதே குழிக்குள் போயின. எலும்புகள் பெட்டியில் ஏறின. மேடும் பள்ளமுமான பாதையில் அந்த வண்டி ராட்னர் ஊர்த் தேவாலயம் வரை போய்ச் சேர்ந்தது. இப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று மகன் பிற்பாடு வருந்தினாராம். வழியில் சில எலும்புகள் விழுந்துவிட்டன, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும், அதாவது அவருடைய பிறந்தநாளன்று, வேய்ன் குதிரையேறி அவற்றைத் தேடுகிறார் என்று அந்தச் சாலையோரத்து மக்கள் கதை சொல்கிறார்கள். ஒரு மனிதருக்கு இரண்டு ஊரில் இரண்டு கல்லறை. யோசிக்காமல் செய்த காரியம் சிதறிப்போயிற்று; பாட்டியின் பழமொழி எவ்வளவு நேராகப் பலித்திருக்கிறது பாருங்கள்.

பேராசிரியர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் முன்னிலையில் வரலாறு பேசவே எனக்குக் கூச்சம். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

1793 மார்ச்சில் செனெகா மக்களின் தலைவர் கார்ன்பிளான்டர் லீஜியன்வில்லுக்கு வந்தார். வேய்ன் விருந்து வைத்தார். அங்கே கார்ன்பிளான்டர் எதிரே ஓடிய ஒஹாயோவைச் சுட்டிக்காட்டி, இந்த நீர் என்றும் ஓடட்டும், இரு கரை மக்களுக்கும் நடுவே நிலைத்த அமைதியின் எல்லையாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். வடகரை மக்கள் கேட்டதும் அதுதான்: ஆறே எல்லை, அப்பால் எங்கள் நிலம். 1795 கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஒஹாயோ மாநிலத்தின் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அந்த வாழ்த்தைச் சொன்ன கரையில் இன்று நாம் மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் போகிறோம்.

என் கோரிக்கை இதுதான். பலகை அருகே இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டும். போன வருடம் என் பேத்தி, "தாத்தா, அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியே எங்களைத் துரத்திவிட்டது. பேத்தி வாசித்தது ஒரே ஒரு சொல். அன்றிரவே ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மூன்று கடிதம் எழுதிவிட்டேன், நான்காவதும் எழுதுவேன். காரில் போகிறவர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில்தானே வார்த்திருக்கிறோம் என்பார்கள். எழுத்து கண்ணில் படும். கார்ன்பிளான்டர் கைநீட்டிக் காட்டிய ஆறு கண்ணில் படாது. இறங்கி நின்றால்தான் படும்.

அம்மையார் அவர்களே, சாலை தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தங்கள் கையெழுத்து முதலில் இருந்தால் எங்கள் விண்ணப்பத்தைப் பிரித்தாவது பார்ப்பார்கள்.

பெண்களையும் குழந்தைகளையும் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குத் தனியாக ஒரு மாலை தாருங்கள். விண்ணப்பத் தாள் காபி மேசை மேல் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் போட்டுவிடுங்கள். வணக்கம்.