பாக்கி வாங்கப் போகிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சேரி முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? அம்மன் கோயில் திருவிழா, ஆர்க்கெஸ்ட்ரா, மணி ராத்திரி ஒன்றரை. கடைசிப் பாட்டு முடிந்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பாடகரைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். மைக் செட்காரர் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கையில் ரெக்சின் பையோடு, விழாக் கமிட்டிச் செயலாளரைத் தேடி இருட்டில் நடந்துகொண்டிருப்பான். எதற்கு? பாக்கிப் பணம் வாங்க. திருச்சிப் பக்கம் 22 வருஷம் அந்த ஆள் நான்தான்.

பகலில் குமாஸ்தா வேலை, ராத்திரியில் மெல்லிசைக் குழுவுக்கு மேனேஜர். பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்.

ஆனால் இன்று பேச வந்தது என்னைப் பற்றி அல்ல. ஷெப் கார்டன் என்று ஒருவர். 1945-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ராக் இசைக்காரர்களுக்கு மேனேஜராக இருப்பவர். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் வீட்டில் இதைப் பைத்தியம் என்பார்கள். சரி, இருக்கட்டும்.

இது எப்படிப் பிடித்தது என்றால், என் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை லீவில் வந்தபோது ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். 1972-இல் வெளிவந்தது, ஆலிஸ் கூப்பர் என்ற ராக் குழுவின் இசைத்தட்டு. பாட்டைக் கேட்டு வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அட்டை மாதிரியே இல்லை. நாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தோமே, மூடி போட்ட மர டெஸ்க், அதேபோல் செய்திருந்தார்கள். மேலே காம்பஸ் முனையால் கிறுக்கியதுபோல் பெயர்கள். மூடியைத் தூக்கித்தான் இசைத்தட்டை எடுக்க வேண்டும். முதலில் வந்த பிரதிகளில் அந்த இசைத்தட்டின் மேல் வேறொன்றையும் சுற்றி அனுப்பினார்களாம். காகிதத்தில் செய்த ஓர் உள்ளாடை. அதை விவரிக்க வேண்டாம் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் சொல்கிறது. சரி, விட்டுவிட்டேன்.

இப்படியெல்லாம் யோசிக்கிறவர் பாடுகிறவராக இருக்க முடியாதே, பின்னால் வேறு யாரோ இருக்கிறார் என்று அன்றைக்கே தோன்றியது. தேடிப் பார்த்ததில் கிடைத்த பெயர் ஷெப் கார்டன்.

மூன்று விஷயம் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். அவருடைய கற்பனை, அவர் பணத்தைப் பார்த்த விதம், அப்புறம் அவருடைய வாழ்க்கை. நேரம் போதுமா, பார்ப்போம்.

முதலில், அவர் மேனேஜர் ஆன கதை. அவரே சொல்வது இது. 1968-இல் லாஸ் ஏஞ்சலஸ் போகிறார். குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை. ஒரே நாள்தான். பையன்கள் அடித்துத் துரத்திவிட்டார்கள். ராத்திரி தங்க ஹாலிவுட்டில் லேண்ட்மார்க் என்ற ஓட்டலில் அறை எடுக்கிறார். கீழே நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு பெண் அலறுகிற சத்தம். யாரோ அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று ஓடிப்போய் விலக்கிவிடுகிறார். அந்தப் பெண் இவருக்கு ஒரு குத்து விடுகிறாள். விலக்க வேண்டிய விஷயமே அது இல்லை! குத்தியவர் ஜானிஸ் ஜாப்லின், அந்தக் காலத்துப் பெரிய ராக் பாடகி. மறுநாள் குளத்தோரம் அவரோடு உட்கார்ந்திருந்தவர் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 'நீ யூதனா?' என்று கேட்கிறார். ஆமாம். 'அப்போது நீ மேனேஜர் ஆகலாம்.' அவ்வளவுதான். நம் ஊரில் ஒருவர் செட்டியார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் கல்லாவில் உட்காரச் சொல்வார்களே, அந்த மாதிரி.

அப்படிக் கிடைத்த குழுதான் ஆலிஸ் கூப்பர். முன்னால் நின்று பாடுகிறவருக்கும் அதே பெயர். பெயர் பெண்ணுடையது, ஆள் ஆண். மதபோதகர் வீட்டுப் பிள்ளை. கண்ணைச் சுற்றி மை பூசி, கழுத்தில் மலைப்பாம்போடு மேடையேறுவார். ஆரம்பத்தில் அவர்கள் வாசிக்கத் தொடங்கினால் அரங்கமே காலியாகிவிடும். நானாக இருந்தால் அன்றே ரெக்சின் பையை மூடியிருப்பேன். ஷெப் வேறு மாதிரி பார்த்தார். ஒரு கூட்டத்தை மொத்தமாக எழுந்து போகவைக்க முடிகிறதென்றால் இவர்களிடம் ஏதோ இருக்கிறது. எந்த அப்பா அம்மா பார்த்தாலும் முகம் சுளிப்பார்கள். அப்பா அம்மா சுளித்தால் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். அவருடைய வியாபாரம் முழுவதும் இந்த ஒரே கணக்குதான். மறுபடியும் சொல்கிறேன், அப்பா அம்மாவுக்குப் பிடிக்கக் கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். 1972, லண்டன். வெம்பிளியில் பெரிய அரங்கம், பத்தாயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட் விற்கவில்லை. இங்கிலாந்தில் அந்தக் குழுவை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஷெப் என்ன செய்தார்? ஒரு லாரியை வாடகைக்கு எடுத்தார். அதன் பக்கவாட்டில் ஆலிஸ் கூப்பரின் மிகப்பெரிய படம். எடுத்தவர் ரிச்சர்ட் அவெடான், அந்தக் காலத்தின் பெரிய போட்டோக்காரர். உடம்பில் துணி இல்லை. மறைக்க வேண்டிய இடத்தை ஒரு பாம்பு மறைக்கிறது. அந்த லாரி பிக்காடில்லி சர்க்கஸ் போக வேண்டும். சர்க்கஸ் என்றதும் கூடாரமும் யானையும் நினைக்காதீர்கள், அது லண்டனின் நடு நாற்சந்தி. அலுவலகம் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற நேரம். அங்கே லாரி 'பழுதாகி' நின்றுவிட வேண்டும். டிரைவரிடம் முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு.

நின்றது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் டாக்சி, அதற்குப் பின்னால் பாதி லண்டன். ஆரன் அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள். ஆனால் அத்தனை பேரும் எதைப் பார்த்தபடி நிற்கிறார்கள்? அந்தப் படத்தை! போலீஸ் வந்தது, பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். மறுநாள் பேப்பரில் அந்த லாரிதான். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அந்தக் கோடையிலேயே அவர்களுடைய பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. மேரி ஒயிட்ஹவுஸ் என்ற அம்மையார் அந்தப் பாட்டைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று போராட்டமே நடத்தினார். இவர்கள் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். நன்றி சொல்லித்தான்! லியோ ஆப்ஸி என்ற எம்.பி.யும் எதிர்த்துப் பேசினார். அவருக்குச் சுருட்டுப் பெட்டி.

இதே மாதிரி எங்களுக்கும் ஒருமுறை நடந்தது. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் விளம்பர ஆட்டோ, மேலே குழாய் ஸ்பீக்கரோடு, நிஜமாகவே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். நல்ல கூட்டம் கூடியது. அன்று சாயங்காலம் கூடுதலாக ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். எங்கள் ஆட்டோவில் இருந்தது வெறும் பேர்ப்பட்டியல். திட்டிக்கொண்டே பார்க்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. வண்டி நிற்பது பெரிதல்ல, நின்ற இடத்தில் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான்.

அவருடைய எல்லாக் குறும்பும் எனக்குச் சம்மதம் என்று நினைக்காதீர்கள். 1969-இல் டொராண்டோவில் மேடைக்கு ஒரு கோழி வந்தது. ஆலிஸ் அது பறந்துவிடும் என்று நினைத்துக் கூட்டத்துக்குள் வீசினார். கோழி பறக்குமா? கூட்டம் அதைப் பிய்த்துவிட்டது. மேடையிலேயே கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்தார் என்று பேப்பரில் வந்தது. நடக்காத செய்தி, ஆனால் அவர்கள் அவசரப்பட்டு மறுக்கவில்லை, அதனால் பேர் பரவியது. கோழி தன் வேலைதான் என்று ஷெப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கோழியிடம் யாரும் கேட்கவில்லை.

ஆன் மர்ரே கதையில் எந்த உயிருக்கும் சேதம் இல்லை. கனடாவைச் சேர்ந்த அமைதியான பாடகி. குரல் தேன், ஆனால் ராக் பத்திரிகைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1973-இல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் பாடியபோது, ஷெப் தனக்குத் தெரிந்த முரட்டு ராக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் பெண்ணோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜான் லெனன் இருந்தார், ஹாரி நில்சன் இருந்தார், ஆலிஸ் கூப்பரும் இருந்தார். ஒரே ஒரு படம். அதற்கு அப்புறம் பத்திரிகைகள் அவரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்போமே. இங்கே பூ மணக்க நார் தேவைப்பட்டது.

ஐயோ, மணி ஓடுகிறது. பணத்துக்கு வருகிறேன்.

பாட்டுக் குழு உலகத்தில் 90, 10 என்று இரண்டு எண்கள் உண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுக்கு மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், லிவர்பூலில் குடும்ப இசைத்தட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மிக நல்ல மனிதர். அவர்கள் பெயரில் பொம்மையும் பனியனும் விக்கும் விற்கிற உரிமையை 1963-இல் கொடுத்தபோது, நூற்றுக்கு 90 விற்கிறவர்களுக்கு, 10 பீட்டில்ஸ் பக்கத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு சண்டை போட்டு மாற்றிக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் அமெரிக்காவே பீட்டில்ஸ் விக் வைத்துக்கொண்டு அலைந்தது. அதே இங்கிலாந்திலிருந்து இன்னொரு மேனேஜர், பீட்டர் கிராண்ட், லெட் செப்பலின் குழுவுக்கு. ஆறடிக்கு மேல் உயரம், முன்னாள் மல்யுத்தக்காரர். வாசல் வசூலில் 90 எங்களுக்கு, நடத்துகிற உனக்கு 10 என்றார். நடத்துகிறவர்கள் அலறினார்கள், அப்புறம் கொடுத்தார்கள். அதே 90, அதே 10. பை யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஷெப் கார்டன் பணத்தில் கறார், ஆனால் மிரட்டுகிற ஆள் இல்லை. க்ரூச்சோ மார்க்ஸ், உலகத்தையே சிரிக்கவைத்த நடிகர். கடைசிக் காலத்தில் அவருடைய வரவு செலவு குழம்பிக் கிடந்தபோது, ஷெப் ஒரு காசு வாங்காமல் அதைப் பார்த்துக்கொடுத்தார். க்ரூச்சோ 1977-இல் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் ஹாலிவுட் மலையில் ஊர்ப் பெயரைக் காட்டும் அந்தப் பெரிய எழுத்துகளைப் புதுப்பித்தபோது, ஓர் 'ஓ' எழுத்துக்கு ஆலிஸ் கூப்பர் அவர் நினைவாகப் பணம் கொடுத்தார்.

அப்புறம் சமையல்காரர்கள். பிரான்ஸில் ரோஜே வெர்ஜே என்ற சமையல் மேதையை ஷெப் தன் குருவாகவே நினைத்தார். கூடவே ஊர் ஊராகப் போனபோது ஒன்றைக் கவனித்தார். விருந்துக்கு ஆயிரக்கணக்கில் வசூலிக்கிறார்கள், சமைக்கிறவருக்கு ஒன்றும் இல்லை. அழைத்ததே மரியாதை என்று முடித்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் சாம்பாரைப் புகழ்ந்துவிட்டுத் தவசிப்பிள்ளைக்குப் பாக்கி வைப்போமே, அதேதான். பாடகருக்கு என்ன செய்தாரோ அதையே 1990-களில் சமையல்காரர்களுக்கும் செய்தார். இன்று டிவியில் சமைக்கிறவர்கள் நட்சத்திரமாக இருப்பதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், ஒரு தடவை நான் பாக்கி வாங்காமல் திரும்பினேன். ஒரு கிராமம், பெயர் வேண்டாம். செயலாளர் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது. வேனில் ஏறி, நாளை தந்துவிடுவார்கள் என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் என் பையைப் பார்த்தார். அடுத்த கச்சேரிக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். வாழ்க்கையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்!

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெடி பென்டர்கிராஸ் என்ற பாடகருக்குப் பெண்கள் மட்டும் வரும் கச்சேரி என்று யோசனை செய்து கொடுத்தவர் ஷெப். 1982-இல் கார் விபத்தில் அந்தப் பாடகருக்கு நெஞ்சுக்குக் கீழே அசைவு போனது. 1985-இல் சக்கர நாற்காலியில் மறுபடி மேடைக்கு வந்து பாடினார். புகழ் யாருக்கும் நல்லது செய்து தான் பார்த்ததில்லை என்று ஷெப் சொல்கிறார், வாழ்நாளெல்லாம் அதையே விற்றவர். ஹவாயில் மௌய் தீவில் வீடு. முன்பு அவர் நேசித்த ஒரு பெண்ணின் மகள் இறந்தபோது, அவள் விட்டுப்போன நான்கு பிள்ளைகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ரத்த சொந்தம் இல்லை. இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஆலிஸ் கூப்பருக்கும் அவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, ஆரம்பத்தில் கை குலுக்கியதோடு சரி.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். எங்கள் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் டிரம்ஸ்காரர் பெயருக்கு நேரே 180 ரூபாய் பாக்கி என்று இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கே தெரியும். நான் வீடு மாறவில்லை. அதே தெரு, அதே திண்ணை வீடுதான்.

வணக்கம்.